திருத்திய தாக்கல்

ஈரோடு குடும்பநல நீதிமன்றம்,
நகல் பிரிவு ஜன்னலுக்குக் கீழே
ஆட்கள் நின்று நின்றே சிமெண்டில் ஒரு பள்ளம்.
அதில் நானும் நின்றேன், இரண்டு மணி நேரம்.
"யாரு கேஸுங்க?"
என் கேஸ் இல்லை. வீட்டுக்காரர் கேஸ்.
"அப்ப நீங்கதான் அந்தம்மாங்களா?"
இல்லீங்க. அடுத்த அம்மா.

எழுத்தர் சிரிக்கவில்லை.
கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கே என்றார்.

பெருந்துறைச் சாயப்பட்டறையில் கணக்கெழுதுகிறவள் நான்.
படிவத்துக்குப் பயந்தவள் இல்லை.
மாதாமாதம் பதினோராம் தேதிக்குள்
இருநூறு பில் ஏற்றுவேன்,
ஒரு எண் பிசகினால் அடுத்த மாதம் திருத்தம்.
ஆனாலும் ஒஹையோ வக்கீல் அனுப்பிய தாளில்
என் பெயருக்கு மேலே
"சேர்க்கப்படுபவர்" என்று பார்த்தபோது
போன வருடச் சரக்கில் விட்டுப்போன ஒரு பொதிபோல
கொஞ்சம் கூசியது.

ஒன்பது வருட வரிசை அது.
நல்லசிவம் நின்றார், கூடவே இந்துமதி நின்றாள்.
மாதம் ஒரு பட்டியல் வருமாம்.
தேதி ஒரு வாரம் நகரும்,
சில மாதம் பின்னாலும் போகும்.
பவானிசாகர் நீர்மட்டம் பார்ப்பதுபோல
காபிக்கு முன்னால் பார்ப்பார்களாம் இருவரும்.

கீழ்பவானியில் முறைத்தண்ணிக்கு
ராத்திரி முழுக்க மண்வெட்டியோடு காத்திருந்துவிட்டு
மடை திறக்கும் நேரத்தில்
வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் ஒருத்தி.
தண்ணீர் இப்போது என் வயலுக்கு வருகிறது.
நான் ஒரு ராத்திரியும் விழிக்கவில்லை.

கார்டு கைக்கு வருமுன் தாலி ஏறியிருக்க வேணும்,
ஒரு நாள் பிந்தினாலும்
வேறு வரிசை, வேறு வருடங்கள்.
அதனால் எங்கள் முகூர்த்தத்தை ஜோசியர் குறிக்கவில்லை,
வக்கீல் குறித்தார்.
ஆடி பிறக்க மூன்று நாள் இருந்தது.
அருமைக்காரர் இல்லை, இணைச்சீர் இல்லை.
"ரெண்டாவதுக்கு எதுக்குங் கண்ணு அதெல்லாம்"
என்றார் மாமியார், தப்பாக அல்ல.
சார்பதிவாளர் ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.
மாலை பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு
மறு கையால் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கும் இரண்டாவதுதான்.
பைக்கில் போன என் முதல் ஆள்
விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டவில்லை.
முந்தைய மணம் எப்படி முடிந்தது என்றொரு கேள்வி.
அவருக்கு ஓர் இடத்தில் டிக், எனக்கு வேறோர் இடத்தில்.
கட்டங்கள் ஒரே அளவு.

மெய்யான கல்யாணம்தான் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள்.
லீவில் வந்தவர் என்னோடு இருந்தது பதினாறு நாள்.
கொடிவேரியில் நனைந்த படம் உண்டு,
வங்கியில் கூட்டுக் கணக்கு உண்டு,
சென்னிமலைப் போர்வை இரண்டு வாங்கிய ரசீதுகூட உண்டு.
உப்புப் போதாத சந்தகைக்காக நாங்கள் போட்ட சண்டைக்குத்தான்
காகிதம் எதுவும் இல்லை.

பன்னிரண்டாவது ராத்திரி, தூக்கத்தில் கேட்டார்:
"இந்து, தேதி நகந்துச்சா?"
இன்னும் இல்லீங்க என்றேன்.
சரியென்று புரண்டு படுத்தார்.
இதையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது.

பஸ்ஸில் தீர்ப்பு நகலைப் பிரித்துப் படித்தேன்.
நீலக் கறையோடு அவள் பெயர்,
தகப்பனார் பெயர், கோபி முகவரி, வயது முப்பத்தாறு.
பரஸ்பர சம்மதம்.
மொத்தமே நாலு பக்கம்.

எல்லாம் நிரப்பியாயிற்று, ஒன்று பாக்கி.
முன்னாள் மனைவியின் பிறந்த தேதி.
தீர்ப்பில் வயதுதான் இருக்கிறது.
அவரைக் கேட்டால் தெரிந்துவிடும்.
அங்கே இப்போது காலை, எழுந்திருப்பார்.

யோசிக்காமல் சொல்லிவிடுவாரோ என்றுதான்
இன்னும் கேட்கவில்லை.