நாற்பது சொல்

நாற்பது சொல்லுக்கு மேலே போகக்கூடாது
என்றார் திருமதி ஹேவகே.
மேலே சிங்களம், கீழே ஆங்கிலம்,
நடுவில் எனக்கு இரண்டு விரற்கடை.
சொல்லுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
சேர்த்தெழுதினால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்.
நூதனசாலைக்கு வந்தபிறகுதான்
நான் சொற்களைப் பிரித்தெழுதப் பழகினேன்.

பொருள்: படப்பிடிப்புத் திரை.
கான்வஸில் எண்ணெய் வர்ணம். பத்தடிக்கு எட்டடி.
எமரல்ட் ஸ்டூடியோ, பம்பலப்பிட்டி.
வரைந்தவர் ஞானமுத்து யோகானந்தன்,
பிறகு அவருடைய மைத்துனர்,
பிறகு எவரெவரோ.

ஆய்வுகூடத்துத் தஷிலா
பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்துக் காட்டினாள்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு இங்கிலாந்து மாடிப்படி,
கல் ஜாடியில் ரோசா,
கொழும்பில் ஒருவரும் கண்டிராத பனிமூட்டம்.
வாடகைக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு
எத்தனை கிளார்க்குமார் அதன் முன்னால்
குளிர்வதுபோல் நின்றிருப்பார்கள்.

கொடி மாறியதும் அதன்மேல் தாமரைக்குளம்,
சந்திரவட்டக்கல், ஒரு சோடி அன்னம்.
படியின் கைப்பிடியை மறைக்க மறந்துவிட்டார்கள்;
அது இன்னும் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

எழுபத்தெட்டு அளவில் குளத்தைத் தூர்த்து ஆகாயம்,
ஆகாயத்தில் விமானம்.
வரைந்தவன் விமானம் ஏறாதவன்:
சன்னலுக்குச் சன்னல் பூப்போட்ட சேலைத்துணி தொங்கவிட்டிருக்கிறான்.
குவைத்துக்குப் போகுமுன் பெண்கள்
அந்த இறக்கையின் கீழ் நின்று சிரித்தார்கள்.

பிறகு வலப்பக்கம், கீழ்மூலை.
கரி.
அதற்கு மேலே வர்ணம் இல்லை.

ஆங்கிலக்காரர் இரண்டு சொல்லில் முடித்திருந்தார்,
சிங்களத்தில் மூன்று.
இரண்டிலும் ஆளில்லை.
எண்பத்துமூன்று ஆடியில்
தீ தானாகவே பஸ் பிடித்து
காலி வீதியில் இறங்கி
கடை இலக்கம் பார்த்துத் தட்டியதுபோல.

எனக்கு முன்னால் இரண்டு சொல்:
எரிந்த திரை. எரித்த திரை.
சொல்லிப் பாருங்கள்,
நாக்கு இடம் மாறுவதே இல்லை.
மூக்கால் போகிற மூச்சை
ஒரு கணம் அடைத்தால் போதும்,
யாரோ வந்துவிடுகிறார்
வாக்கியத்துக்குள்.

பேனாவை மூடி வைத்துவிட்டுக்
கீழ்மாடிக்கு இறங்கினேன்.
காலியிலிருந்து கொண்டுவந்த கல் அங்கே நிற்கிறது.
சீனத்துக் கப்பல்கள் கொண்டுவந்தது;
பிற்காலத்தில் கானுக்கு மூடியாய்க் கிடந்ததாம்.
ஒரே கல்லில் மூன்று மொழி:
பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று
காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்.
ஆனால் சீனத்தில் அது புத்தருக்கு,
பாரசீகத்தில் அல்லாவுக்கு,
தமிழில் தெனவரை நாயனாருக்கு.
அறுநூறு வருசத்துக்கு முன்னால்
என்னைப்போல் ஒருவன்
இரண்டு விரற்கடைக்குள் குனிந்து
தன் வரியை வெட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
மற்றதை வாசித்தானோ தெரியாது.
அவனுக்கு எழுத்துக்கு என்ன கூலி கொடுத்தார்களோ.

மேலே வந்து எழுதினேன்.
முப்பத்தொன்பது சொல்.

அச்சுப்படி திரும்பி வந்தது.
பிழைதிருத்தும் அமலதாசன்
அந்தத் 'த்'தைப் பென்சிலால் வட்டமிட்டு
ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.
பிறகு கேள்விக்குறியை அழித்திருந்தார்.
அழிரப்பரின் துகள்
தாளோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

திறந்த இரண்டாம் நாள் ஒரு சோடி.
கையில் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டுக் கந்தோர் உறை,
கண்ணில் இரவெல்லாம் வரிசையில் நின்ற சிவப்பு.
"அக்கா, ஒரு படம் எடுத்துத் தருவீங்களே?
பிளேன் முழுக்க விழவேணும்."
அவள் தலையைக் கோதினாள்,
அவன் கயிற்றைத் தாண்டாமல்
எவ்வளவு சாயலாமோ அவ்வளவு சாய்ந்தான்.

நான் இடப்பக்கம் போய்ப் பார்த்தேன்,
பின்னுக்குப் போய்ப் பார்த்தேன், குந்தியும் பார்த்தேன்.
கரி விழாமல் எடுக்கலாம்.
இறக்கை முழுதாய் விழுந்தால்
என் பலகையும் விழுகிறது.