விண்ணப்பம், பக்கம் பதினொன்று

"இரு ஆய்வகங்களும் ஒன்றுக்கொன்று என்ன தரும்?
முந்நூறு சொற்களுக்குள்."

கஞ்சிக்கோட்டில் கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
இன்வெர்ட்டரை மீன்தொட்டிக்கு விட்டுவிட்டு
மடிக்கணினி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பெர்கனில் இங்க்ரிட்டிடம் லேசர் நுண்ணோக்கி.
என்னிடம் ஐந்து நாள் மீன்குஞ்சுகள், கண்ணாடித் தலை;
அவள் கருவியில் வைத்தால்
உள்ளே பயம் மின்னுவது தெரியும்.

போன தடவை அவள் உலர்பனியில் அனுப்பிய குப்பி
நெடும்பாசேரி சுங்கத்தில் ஆறு நாள் கிடந்து
வெதுவெதுப்பாய் வந்தது.
அதை எந்தப் பத்தியில் எழுத?

வாளையாறு தாண்டி வரும் சரக்கு ரயில்
யானைகளுக்காக ஹாரனை விடாமல் அடிக்கிறது.
தொட்டியில் அத்தனை குஞ்சும்
ஒரே துடிப்பில் வளைந்து திரும்பின.

நாங்கள் தருவது: இந்த இரைச்சல்.
செலவு: ஒன்றுமில்லை.

அதை அடித்துவிட்டு,
பேட்டரி ஒன்று, என்று எழுதினேன்.