துணி எடுக்க

மஞ்சக்குப்பத்தில் மூன்று பேர் சீட்டு கிடைத்தது.
நான் சன்னல், அஞ்சலாட்சி ஓரம்,
நடுவில் பவதாரணி.
யார் கேட்டாலும் பாண்டிக்குத் துணி எடுக்கப் போகிறோம்.
கன்னியக்கோயில் தாண்டிவிட்டால்
நம்மைத் தெரிந்தவர் இல்லை என்பது அஞ்சலாட்சியின் கணக்கு.

ரெட்டிச்சாவடியில் ஏறிய பி-ஷிப்ட் ராஜவேலு
கட்டைவிரலை வாய்க்குச் சாய்த்துக் காட்டிக் கண்ணடித்தான்.
தலையாட்டிவைத்தேன்.
இதற்கு அந்தப் பழி லேசு.

பொய்க்கு ஆதாரம் வேண்டுமே,
ஒவ்வொரு தடவையும் நேரு வீதியில் ஒரு துண்டு.
இன்றோடு ஐந்து.
பீரோவுக்கு மேல் பிரிக்காமல் கிடக்கின்றன.

சிப்காட்டில் இருபத்திரண்டு வருஷம் வால்வு பார்த்தவன் நான்.
எது கசிந்தாலும் மூக்கு சொல்லிவிடும்.
மார்ச்சிலிருந்து என் வீட்டில் ஒரு பிள்ளை
தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல்
மதியம் மூன்று மணிக்கும் போர்வைக்குள் கிடந்தது,
எனக்கு வாடையே வரவில்லை.

தெரிந்தபிறகு சண்டை.
மாத்திரை கொடுக்கலாம் என்றேன்,
அளவு தெரிந்தால் எந்த ரசாயனத்துக்கும் பயமில்லை.
"அவ என்ன உங்க ஃபேக்டரி டேங்கா?"
செல்லைப் பிடுங்கினால் சரியாகும்,
குரு பெயர்ந்தால் சரியாகும்,
நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவன்
மருந்துச் சீட்டைத்தான் முதல்ல பார்ப்பான்.
இப்படியெல்லாம் பேசுகிறவள்தான்
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய்
பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறவளும்.

லாசுப்பேட்டையில் அந்த மாடியறை.
ஜெரால்டின் மேடம் எங்கள் சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டு
பவதாரணியிடம் திரும்பினார்.
"நீ எப்பவும் நடுவுலதான் உட்காருவியா?"
"நான் நகர்ந்தா இவங்க பேசிக்க மாட்டாங்க.
இப்ப என்னப் பத்தியாவது பேசிக்கிறாங்க."

அவளை அந்தப் பக்க நாற்காலிக்கு மாற்றினார் மேடம்.
எங்களுக்கு நடுவே ஒரு நாற்காலி அளவு வெறும் தரை.
"இவள விட்டுட்டு வேற ஏதாவது பேசுங்க. மூணு நிமிஷம்."

மின்விசிறி.
கீழே யாரோ ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
கடைசியில் அஞ்சலாட்சி,
"கேஸ் புக் பண்ணீங்களா?"
"இல்ல."
பவதாரணி சிரித்தாளா இருமினாளா,
நான் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

மாத்திரை இன்னும் முடிவாகவில்லை.
டாக்டரைப் பார்க்கச் சொல்லி மேடம் எழுதிய சீட்டை
நாலாய் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள் அஞ்சலாட்சி.
கிழிக்கவில்லை, அதைப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை சன்னலோரம் போய்விட்டாள்.
தோளோடு தோள் படாமலிருக்க
தவளக்குப்பம் வரை இருவரும் முயன்றோம்.
அப்புறம் ரோடு மோசம்.

புதன்கிழமை ஏ-ஷிப்ட் முடிந்து வந்தேன்.
பின்கட்டுக் கொடியில் ஒரு புதுத் துண்டு,
விலை அட்டையைக்கூடக் கழற்றாமல்
சொட்டிக்கொண்டிருந்தது.
யார் குளித்தது என்று நான் கேட்கவில்லை.
அஞ்சலாட்சியும் சொல்லவில்லை.
ஸ்டூல் போட்டு ஏறி
மிச்சம் நாலையும் கீழே எடுத்துவைத்தேன்.