கைதட்டும் வேலை

தந்த சட்டை எனக்கு ஓர் அளவு பெரிது.
முதுகில் தன்னார்வலர் என்று ஆரஞ்சு எழுத்து.
ராணிப்பேட்டையில்
ஷூவைப் புரட்டித் தையல் பார்த்து
ஓகே முத்திரை குத்துகிறவன் நான்.
ஞாயிற்றுக்கிழமை, காட்பாடி மைதானத்தில்
எனக்கு விழுந்த வேலை
கைதட்டுவது.

நீளம் தாண்டும் மணல்குழியின் மறுமுனையில் நின்று
தட்ட வேண்டும், கூப்பிட வேண்டும்.
அந்தச் சத்தத்தைப் பார்த்து
நிலோபர் ஓடி வருவாள்.
ஆம்பூர்க்காரி. எண் 47.

கையைப் பிடிக்காதீர்கள், முழங்கையைக் கொடுங்கள் என்று
முந்தின நாள் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.
மறந்துபோய்க் கையைத்தான் பிடித்தேன்.
விரல்களை மெல்ல உருவிக்கொண்டு
அவளே என் முழங்கையைத் தேடிப் பிடித்தாள்.
பலகையிலிருந்து பின்னோக்கிப் பதினாறு எட்டு
எண்ணி வைத்தோம்.
பிறகு கறுப்புக் கண்பட்டையைக் கட்டினாள்.
எதற்கு என்று கேட்டேவிட்டேன்.
"ரூல்ஸ். கொஞ்சம் தெரியறவங்களும் இருப்பாங்கல்ல.
எல்லாருக்கும் ஒரே இருட்டு."

முதல் தாண்டல்.
தட்டினேன். வா வா வா வா என்றேன்.
வந்தாள்.
அவ்வளவு வேகத்தை நான் நினைத்திருக்கவில்லை.
என் மேல்தான் விழப்போகிறாள் என்று
உடம்பு தானாக முடிவெடுத்தது.
இடப்பக்கம். அரை அடி. அரை அடிதான்.
குழியின் சிமென்ட் விளிம்பில்
அவள் டிராக் பேண்ட் முழங்காலோடு கிழிந்தது.

டெட்டால் பஞ்சோடு நர்ஸ் ஓடி வந்தார்.
நான் மன்னிப்பை மூன்று விதமாகச் சொன்னேன்.
நிலோபர் மணலைத் துப்பிவிட்டுக் கேட்டாள்:
"அண்ணா, நகர்ந்தீங்களா?"
ஆமாம்.
"பயமா?"
ஆமாம்.
"எனக்கும்தான். ஆனா ரெண்டு பேரும் பயந்தா ஆகாது.
நீங்க எங்க போறீங்களோ அங்கதான் நான் வருவேன்."

இரண்டாவதற்கு நின்றபோது
ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டி.
நடுவர் சிவப்புக் கொடியை இறக்கவில்லை.
போகட்டும்.
பெட்டிகளை எண்ணினேன், ஐம்பத்தெட்டு.
கடைசிப் பெட்டியின் தடதடப்பும் தேய்ந்து அடங்கும்வரை
அவள் ஓடுபாதையின் அந்தக் கோடியில்
தலையை ஒரு பக்கம் சாய்த்து
தராசுமுள் மாதிரி நின்றாள்.

மைதானம் வாயை மூடிக்கொண்டது,
சுண்டல் விற்கிறவன் உட்பட.

செருப்பை மணலில் புதைத்து ஊன்றினேன்.
தட்டினேன்.
பதினாறு எட்டும் என் நெஞ்சுக்கு நேராக வந்தன.
கண்ணை மூடிக்கொண்டேன், அதை அவளிடம் சொல்லவில்லை.
கால் மட்டும் அங்கேயே இருந்தது.
மணல் தெறித்து என் வாயில் விழுந்தது.

மூன்று மீட்டர் எண்பத்தாறு.
மூன்றாவது இடம்.
மெடலை முகர்ந்து பார்த்து
"பெயிண்ட் இன்னும் காயல" என்றாள்.

சாயங்காலம் வேலூர் பஸ் ஸ்டாண்டில்
டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை,
உள்ளங்கை அப்படிச் சிவந்திருந்தது.
ஆற்காடு ராணிப்பேட்டை வாலாஜா வாலாஜா வாலாஜா என்று
கண்டக்டர் அங்கும் இங்கும் நடந்தபடி
கூவிக்கொண்டிருந்தார்.
படியில் கால் வைத்தபோது
வாய்வரை வந்துவிட்டது:

ஒரே இடத்துல நின்னு கூப்பிடுங்க சார்.