துளசிராமனுக்கு எவ்வளவு

சீசனுக்கு அறுபதாயிரம் கேட்கிறான்.
வயது முப்பத்தாறு. ஆதாரில் முப்பத்து நான்கு.

தீப்பெட்டிக் கம்பெனி மாடியில்
நாங்கள் ஐந்து பேர், ஒரு மின்விசிறி,
மேசைமேல் சி.எம்.சி. உறை.
உள்ளே அவன் வலது முழங்கால்
கறுப்பு வெள்ளையில், துண்டு துண்டாக.
எத்திராஜுலு அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இன்னாப்பா இது,
குதிரைய வாங்கச் சொல்றீங்களா
குதிரை ஓடின ரோட்ட வாங்கச் சொல்றீங்களா?"

சிரித்தோம்.
பணம் போடுகிறவர் சொன்னால் சிரிப்பு வந்துவிடும்.

நான் பொருளாளன். கூட்டுறவு வங்கியில் காசாளன்.
சிரித்து முடித்து நோட்டைப் பிரித்தேன்.
போன வருஷம் பதினேழு ஆட்டம்,
பாடிப் போனது நூற்று நாற்பது தடவை,
புள்ளியோடு திரும்பியது ஐம்பத்தொன்று.
யுவனேஷ், பத்தொன்பது வயது, தொண்ணூற்றெட்டு.
யுவனேஷுக்கு நாங்கள் தருவது பன்னிரண்டாயிரமும்
ஆட்டத்தன்று முட்டை பிரியாணியும்.

கணக்கு இத்தனை தெளிவாக இருந்தால்
கூட்டம் எதற்கு?

அரக்கோணத்துக்காரர்கள் ஐம்பது வரை போவார்களாம்.
அப்சல் சொன்னான்.
அப்சலிடம் சொன்னது துளசிராமன்.

சிரசுத் திருவிழாவுக்கு ஊரே வரும்,
பேனரில் அவன் மீசை இல்லாவிட்டால்
கேலரி பாதிதான் என்றார் மைக்செட் ஏகாம்பரம்.
மீசைக்கு மட்டும் ஒரு ரேட் பேசலாமா என்றது ஒரு குரல்.
என் குரல்தான்.

பழக்கதோஷம், நோட்டுகளின் அடியில் கை போனது.
பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய நோட்டு, என் கையெழுத்து.
முதுகில் நாலு பேரைச் சுமந்துகொண்டு
விரல் நுனியால் அவன் நடுக்கோட்டைத் தொட்ட வருஷம்.
கோப்பை ஒன்பது. பரிசுப்பணம் மூன்றேகால் லட்சம்.
து. ராமனுக்கு ஆட்டத்துக்கு முந்நூறு.
ஆம்பூரில் கிழிந்த பனியனுக்கு
எண்பது ரூபாய் பிடித்தம்.

வங்கிக்காரன் கை சும்மா இருக்காது,
வட்டி போட்டுப் பார்த்தேன்.
வந்த தொகையை மாடியில் சொல்லவில்லை.
இங்கேயும் சொல்லமாட்டேன்.

அவன் கேட்பது இந்த வருஷத்துக் கூலியா
அந்த வருஷத்து நிலுவையா?
நிலுவை என்றால், அதை ஏன்
இந்த வருஷத்துப் பையனின் பன்னிரண்டிலிருந்து
கொடுக்கிறோம்?

"நாற்பத்தைந்து" என்றேன்.
பனியனை யோசித்துக்கொண்டே சொன்னேன்.

கீழே பைக் மேல் உட்கார்ந்திருந்தான்,
வலது காலை மட்டும் நீட்டி,
அது வேறு யாருடையதோ என்பதுபோல்.
"அம்பதுன்னு போடுண்ணா,
வேணும்னா ரெண்டு தாவு கொறச்சிக்கிறேன்."
போட்டேன்.

பேரணாம்பட்டோடு முதல் ஆட்டம்.
அவன் கோட்டைத் தாண்டிப் பாடத் தொடங்கினதும்
எதிரில் ஏழு பேரும்
ஓரடி பின்னால் வைத்தார்கள்.
முழங்கால் படத்தை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.
யாரையும் தொடாமல், மூச்சை விடாமல்,
நடந்தே திரும்பினான்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
அடுத்து யுவனேஷ் போனபோது
மூலைக்காரன் இன்னும் அந்த ஓரடிக்குப் பின்னால்தான் நின்றான்.
தொட்டான். ஒன்று, யுவனேஷ் பெயரில்.

நோட்டில் நாலு பத்திகள்.
ஐந்தாவது போட இடமில்லை,
போட்டாலும் தலைப்பு தெரியவில்லை.

மறுநாள் காலை வங்கி கவுண்டரில் யுவனேஷ்.
டோக்கன் வாங்கி, நகைக்கடன்காரர்களோடு
வரிசையில் நின்று வந்திருக்கிறான்.
முழங்கையில் சிராய்ப்பு, மேலே மஞ்சள்.

"அண்ணா,
எனக்கு எப்போ முப்பத்தாறு ஆவும்?"

அடுத்த எண்ணுக்கு மணியை அழுத்தினேன்.
அவன் நகரவில்லை.