மூன்றாம் இடம், காலை ஆறு நாற்பது

கிராஃபைட் குழிக்குக் கீழே, வரத்துக்காலில்
காய்ந்த புங்கங்காய் ஒன்றை மிதக்கவிட்டேன்.
பத்து மீட்டர். நாற்பத்தொரு நொடி.
போன வாரம் இந்த மணலில்
என் செருப்புத் தடம்தான் ஓடியது.

பாட்டிலை வெயிலுக்குத் தூக்கினால்
அடியில் சாம்பல் மினுக்கம்.
பி.எச். ஐந்து புள்ளி இரண்டு.

போனில் ஆபீஸர்:
"மழைத்தண்ணிதான் உமையாள்,
சராசரி போட்டு அனுப்புங்க."

மழையா.
பள்ளத்தூரில் பெய்து பத்தொன்பது நாள்.
மழைமானிக்குள் எறும்பு குடியிருக்கிறது.

ராத்திரி மோட்டார் ஓடிய சத்தத்துக்குப்
படிவத்தில் கட்டமில்லை.
கண்மாய் வாயில் யாருடைய எருமையோ
அதற்குள் குடித்து முடித்திருந்தது.

ஓரத்தில் எழுதினேன்:
மழை இல்லை. ஓட்டம் உண்டு.

பென்சிலால்தான்.
பேனா என்றால் ஈரத்தில் கரைந்துவிடும்.