வடிய விட்டது

தம்பலகாமத்து எருமைத் தயிர், ஒரு சட்டி.
பழைய வேட்டித் துண்டில் கொட்டி
முடிந்து
குழாய்க் கழுத்தில் தொங்கவிட்டேன்.

இரவெல்லாம் சொட்டு.
கரண்ட் வேறு இல்லை.
ஒருக்கால், நீதான் கால் கழுவுகிறாய் என்று
எழும்பி வந்து பார்த்தேன்.
உனக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் நாலு மணித்தியாலம்.

விடிய, சீலைக்குள்
கைப்பிடியளவு வெள்ளை.
உப்பு, இடித்த மிளகு, ஒரு பல் உள்ளி,
கிணற்றடியில் கிள்ளிய வல்லாரை.
துளசியும் போட்டேன். பிழை.
ஒவ்வோர் இலையாகப் பொறுக்கினேன்.

சந்தியில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது.
நீ செருப்போடு உள்ளே வந்து
விரலால் வழித்து நக்கி,
"உப்புக் காணாது, நிமலன்" என்றாய்.
மறுபடியும் வழித்தாய்.

பாட்டு
நிலாவெளிப் பக்கம் போய்விட்டிருந்தது.